சீனித்தம்பியின் கடுதாசியில் நான் எழுதாத சொல்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பேனையை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு எழுத்தும் இறங்காது. சுழி போட்ட கடுதாசியை வீணாக்கக் கூடாதென்று அதிலேயே கடைச் சாமான்களை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். யுத்தம் வந்தது நல்ல சாட்டாகப் போயிற்று. தபால் ஓடவில்லை, நான் என்ன செய்ய என்று கடவுளிடமே கேட்டேன். இப்போது கப்பல் தபால் மறுபடி ஓடுகிறது. சாட்டுத் தீர்ந்துவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் கிரானில் ஒரு மனிதனைக் கள்ளன் என்று சொல்கிறார்கள். அவன் கள்ளன் இல்லை. அப்படிச் சொல்ல வைத்தவன் நான். ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் இங்கே வந்து கிடப்பவர்களுக்கும் அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மலாயாவுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. நம்மட பக்கத்தில் ஒரு புது மனிதன் தோணியால் இறங்கினால் எந்த ஊர், என்ன குடி, ஆர்ட மகன் என்று கேட்போம். தாய்வழிக் குடி தெரிந்துவிட்டால் ஆள் எப்படி என்பது பாதி தெரிந்த மாதிரி. மீதியை வெற்றிலைத் தட்டம் வைத்துக் கதைக்கும்போது தெரிந்துகொள்வோம். இங்கே ஒருவரும் குடி கேட்பதில்லை. முகத்தைப் பார்க்குமுன் கையை நீட்டுகிறார்கள். அந்தக் கையில், முன்பு வேலை கொடுத்த துரை எழுதிய நற்சாட்சிக் கடுதாசியை வைக்க வேண்டும். நேற்றுக் காலையும் பெரட்டில் ஆள்களைக் கணக்கெடுத்து அனுப்பிய கையோடு ஒருவன் ஆபீஸ் படியில் வந்து நின்றான். பிஸ்கட் தகரத்தைத் திறந்து, துணியை விரித்து, நாலாய் மடித்த கடுதாசியைத் தாலிக்கொடியை எடுப்பதுபோல் எடுத்தான். நான் முதல் வரியை வாசிக்கவில்லை. என் கண் நேரே கடைசி வரிக்குப் போயிற்று. தோட்டத்து ஆபீசில் இருந்தவன் எவனும் அப்படித்தான் வாசிப்பான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் மட்டக்களப்புச் செட்டிபாளையத்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் எங்கள் வளவு. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக வரும். அதைக் காட்டித்தான் சிரம்பானுக்கு அப்பால் ஒரு றப்பர்த் தோட்டத்தில் ஆபீசில் எழுதுகிற கிராணி வேலை கிடைத்தது. அங்கே ஸ்டோர் கிராணியாக இருந்தவன் சீனித்தம்பி. அரிசி, கத்தி, மண்ணெண்ணெய், றப்பர்ப் பால் உறைய வைக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் திறப்புக் கொத்து அவன் இடுப்பில். கிரான் ஆள், வேளாண்மைக் குடும்பம். சுற்றிலும் யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாருமாக இருந்த இடத்தில் ‘எண்டு’ என்றும் ‘நம்மட’ என்றும் பேசுகிற இன்னொரு வாயைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அன்றைக்கே ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினோம். சீன முதலாளியின் கடையில் ஒரு கோப்பியை இரண்டு கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். அவன் மேல் எனக்குப் பொறாமை வந்தது அதற்குப் பிறகு.

அது இங்கிலீசால் வந்தது. பட்டணத்துப் பழைய சாமான் கடையில் அட்டை இல்லாத ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினோம். அதில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம். இடது பக்கம் பெயர்ச்சொற்கள். மேலே வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள். பெயருக்குப் பின்னால் ஒட்டைச் சேர்த்தால் அது ஆளின் குணத்தைச் சொல்லும் சொல்லாக மாறும். கேர் என்றால் கவனம். ‘ஃபுல்’ சேர்த்தால் கேர்ஃபுல், கவனமுள்ளவன். ‘லெஸ்’ சேர்த்தால் கேர்லெஸ், கவனமில்லாதவன். நாங்கள் அந்த ஒட்டுகளுக்கு வால் என்று பேர் வைத்தோம். பின்னேரம் வேலை முடிந்து குளித்து, நான் திருநீறு பூசி விளக்கு வைத்தபின், படியில் உட்கார்ந்து வால் கட்டுவோம். எனக்கு அது மனப்பாடம். அவனுக்கு அது விளையாட்டு. தமிழில் ‘உள்ள’, ‘இல்லாத’, ‘ஆன’ என்று நாம் சேர்ப்பதுதானே இது என்று முதல் நாளே சொன்னவன் அவன். எந்த வால் எந்தச் சொல்லில் நிற்கும் என்று ஒருவரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. ஃபூலுக்கு ‘இஷ்’, டேஞ்சருக்கு ‘அஸ்’, ஃபிரெண்டுக்கு ‘லி’. நானோ கையில் கிடைத்த வாலைக் கிடைத்த சொல்லில் கட்டுவேன். “துரைட நாய்க்கும் வால் ஒண்டுதான் மச்சான்; உன்ட இங்கிலீசுக்கு மூணு நாலு தொங்குது” என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போய்த் தனியே அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவனுக்குப் பிடித்த வால் ‘வர்தி’. தகுந்த என்று அர்த்தம். டிரஸ்ட்ஃபுல் என்றால் மற்றவனை நம்புகிறவன், டிரஸ்ட்வர்தி என்றால் நம்பத் தகுந்தவன். ஒரே வேரில் இரண்டு மனிதர் என்று சொல்லிச் சொல்லி வியப்பான். நம்மட நெற்களத்தில், களவெட்டியில், மாடு விட்டுச் சூடு மிதிக்கும்போது மாட்டை மாடு என்றும் சுளகைச் சுளகு என்றும் சொல்லாமல் வேறு பேர் சொல்கிறோமே, சொல் இடத்துக்கு ஏற்றபடி உடுப்பு மாற்றுவது நமக்குப் புதிதா என்பான். எனக்கும் அந்தக் களவெட்டி வழக்கம் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏன் எனக்குத் தோன்றவில்லை? அந்தக் கேள்விதான் என்னைத் தின்னத் தொடங்கியது.

ஒரு நாள் துரை தன் பெரிய நாயோடு ஆபீசுக்கு வந்தார். கூலியாள்கள் அதைக் கண்டு விலகி ஓடினார்கள். துரையைச் சந்தோஷப்படுத்த நினைத்து நான் எழுந்து, “யுவர் டாக் இஸ் வெரி ஃபியர்ஃபுல், சேர்” என்றேன். எல்லாரும் அஞ்சும் நாய் என்பது என் எண்ணம். தன் நாய் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்வதாகத் துரை எடுத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்தது. ஸ்டோர் வாசலில் நின்ற சீனித்தம்பி ஒரு அடி முன்னே வந்து, “ஹீ மீன்ஸ் ஃபியர்ஸம், சேர்” என்றான். துரை வாய்விட்டுச் சிரித்து அவன் தோளில் தட்டினார். என்னைக் காப்பாற்றத்தான் அவன் சொன்னான். அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் அந்தத் தட்டு அவன் தோளில் விழுந்ததே தவிர என் தோளில் விழவில்லை. அன்று முதல் துரை முக்கியமான கடிதம் என்றால் அவனைக் கூப்பிட்டுச் சொற்களைக் கேட்பார்; என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார். சொல் அவனுடையது, கை என்னுடையது. நான் வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருப்பவன். தோட்டத்து மாரியம்மன் முன் நின்றாலும் மனதில் எங்கள் கண்ணகை அம்மனைத்தான் கும்பிடுவேன். அம்மா, அவன் நல்லா இருக்கட்டும், என்னைவிடக் கொஞ்சம் குறைய இருக்கட்டும் என்று கும்பிட்டிருக்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தத் தாய் கேட்பாள்?

அப்படி நாலு வருஷம் போயிற்று. ஒரு மாசம் அவனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. வாவிக்கு வடக்கே வெள்ளைக்காரர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் பெரிய கிராணி வேலை காலி, மலாயாத் துரையின் நற்சாட்சியோடு வந்தால் கிடைக்கும் என்று. அவன் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து என்னிடம்தான் முதலில் காட்டினான். வீட்டிலிருந்து வேலைக்குப் போகலாம், வயல் வட்டையில் விளைந்த நெல்லைத் தின்னலாம், பிள்ளை வளருவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். என் பிள்ளை நடந்ததை நான் கடிதத்தில்தான் வாசித்தேன். இங்கிலீசு அவனுக்கு வந்ததைக்கூட ஒருவாறு பொறுத்திருப்பேன். இங்கிலீசைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கே போகிறான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தொலைந்தவர்கள் என்றல்லவா இருந்தேன்.

தனக்குரிய நற்சாட்சியைத் தானே எழுதுவது வழக்கமில்லை. துரை என்னைக் கூப்பிட்டு, நல்ல ஆள், எல்லாம் நல்லதாக எழுது என்று சொல்லிவிட்டுக் காய்ச்சலோடு பங்களாவுக்குப் போனார். பழைய நகல்கள் என் மேசையில் இருந்தன. எல்லாம் ஒரே அச்சு. முதலில் எத்தனை காலம் வேலை செய்தான் என்பது. நடுவில் கேர்ஃபுல், டியூட்டிஃபுல் என்று வால் வைத்த குணங்கள். கடைசி வரியில் தனியாக, இவன் டிரஸ்ட்வர்தி. துரைமார் ஒருவரையும் கள்ளன் என்று கடுதாசியில் எழுதமாட்டார்கள். அது அவர்கள் வழக்கமில்லை. சந்தேகம் இருந்தால் அந்தக் கடைசி வரியை எழுதாமல் விடுவார்கள். வாசிக்கிற துரைக்கு விளங்கிவிடும். அதிலும் திறப்பு வைத்திருந்தவனுக்கு அந்த வரி இல்லையென்றால் வேறு கேள்வியே இல்லை. ஒரு முறை அப்படி வந்த கடுதாசியின் அடியில் எங்கள் துரை பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டி, ஆளைப் படியிலேயே திருப்பி அனுப்பியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவன் குணங்களை வஞ்சகமில்லாமல் எழுதினேன். வேறு எவனுக்கும் எழுதியதைவிட அழகாக எழுதினேன். கடைசி வரி வந்தபோது பேனையை மையில் தோய்த்தேன். தோய்த்த பேனையைத் துடைத்து வைத்தேன். ஒரு பொய்யும் எழுதவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். துரை காய்ச்சலில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். சீனித்தம்பி அதை வாங்கி, வாசிக்காமலே கண்ணில் ஒற்றி மடித்தான். “நீ எழுதினது தானே மச்சான், பிறகென்ன வாசிக்க” என்றான். கப்பலடி வரை போய் வழியனுப்பினேன். கட்டிப் பிடித்து அழுதேன். அழுகை பொய்யில்லை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மூன்று மாதத்தில் என் வீட்டுக்காரி எழுதினாள்: உங்கட சிநேகிதருக்கு அந்த வேலை கிடைக்கவில்லையாம், கடுதாசியில் ஏதோ குறையாம். அடுத்த கடிதத்தில் அது ஸ்டோரில் ஏதோ குறை என்று ஆகியிருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு மூட்டை அரிசி. நான் ஒரு வாலை வெட்டினேன், ஊர் அதற்கு ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போயிற்று. கொண்டவன் மேல் விழுந்த பொய்க் களவுப் பழிக்காக மதுரையை எரித்த தாயைக் கும்பிடுகிற சனம் நாங்கள். வைகாசியில் குளிர்த்தி பாடி அவள் கோபத்தைத் தணிக்கிற சனம். அந்தச் சனத்தில் பிறந்தவன்தான் இதைச் செய்தேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். மாசி மாதம். இறங்கிய மறு வாரம் மட்டக்களப்பிலிருந்து ரயில் கோச்சியிலும் பிறகு மாட்டுக் கரத்தையிலும் கிரானுக்குப் போனேன். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுவது என்று நேர்ந்துகொண்டு போனேன். அவன் வீட்டில் இல்லை, வயல் சொந்தக்காரர் போடியாரின் வட்டையில் சூடு மிதிக்கிறார்கள் என்றார்கள். அங்கே போனால் வெயிலில் கறுத்து, தலையில் துவாய் கட்டி, மாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்தான். நான் வாயைத் திறந்தேன். களவு என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. பக்கத்தில் வைக்கோல் உதறிய ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து, “மலாயா மச்சான், வாயைக் கட்டிப்போட்டு நில்லுங்க, பொலி கிடக்கு” என்றார்.

மறந்தே போயிருந்தேன். களவெட்டியில் மிதித்த நெல் பொலியாகக் குவிந்து கிடக்கும்போது கெட்ட சொல் வாயில் வரக்கூடாது. இல்லை என்றோ, முடிந்தது என்றோ, கள்ளன் என்றோ சொன்னால் பூதம் கேட்டுப் பொலியைக் கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. மாடு அங்கே வாரிக்காலன். நெல் அளக்கிற மரக்கால் கணக்கன். நான் சொல்ல வந்த கதையில் அங்கே சொல்லக்கூடிய ஒரு சொல்கூட இருக்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு பின்னேரம் வரை வைக்கோல் உதறினேன். கை கொப்பளித்தது. சொல்ல முடியாமல் போனது நிம்மதியாகவும் இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

பொலி அளக்கும் நேரம் வந்தது. மலாயாவுக்கு வருமுன் அந்தக் களவெட்டியில் கணக்கனைப் பிடித்து அளந்தவன் சீனித்தம்பி. அவன் கைக்கு மறு பேச்சில்லை என்று எனக்கே பல முறை சொல்லியிருக்கிறான். அன்றைக்குப் போடியார் கணக்கனை எடுத்து வேறொருவர் கையில் கொடுத்தார். ஒருவரும் சொல்லுமுன் சீனித்தம்பி தானாகவே எழும்பி, களத்துக்கு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பழகிப்போன நிற்பு அது. அளந்து முடியும்வரை திரும்பவில்லை.

அளந்த பிறகு என்னை வாய்க்கால் கரையால் கரத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இனிச் சொல்லலாம் என்று நான் தொடங்குமுன் அவனே தொடங்கினான்.

“அந்தக் கடுதாசியைக் கப்பலிலேயே வாசிச்சிட்டன் மச்சான். ஒரு வரி இல்ல. அது நீ மறந்த வரி இல்ல எண்டும் தெரியும்.”

ஏன் என்னிடம் கேட்டு எழுதவில்லை என்றேன்.

“கேட்டா நீ ஓம் எண்டு எழுதுவாய். பிறகு மலாயாவில எனக்கெண்டு ஒரு ஆள் இல்லாமப் போயிரும்.”

ஊரிலாவது சொல்லியிருக்கலாமே, துரை சந்தேகப்படவில்லை, எழுதியவன்தான் விட்டான் என்று?

“சொன்னா உன்ட வீட்டுக்காரி கோயிலடியில எப்படி நிப்பா?” என்றான். பிறகு கொஞ்சம் சிரித்தான். “உன்ட கையெழுத்து மட்டும் வடிவு.”

நான் அழுதேன் என்றோ காலில் விழுந்தேன் என்றோ எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இந்த மனதை இவனுக்கு எங்கிருந்து கொடுத்தாய், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அம்மனிடம் கேட்டேன். வட்டைக்கு மேலே கொக்குகள் போய்க்கொண்டிருந்தன. அவன் மகள் கஞ்சிச் சட்டியோடு வரம்பில் வந்து அப்பா என்று கூப்பிட்டாள். கள்ளன் என்ற பேரோடும் அவன் ஊரில் இருந்தான். நல்ல பேரோடு நான் கப்பலுக்குப் போக வேண்டியிருந்தது. கரத்தை புறப்படும்போது அவன் மடியை அவிழ்த்து, பொலியில் தன் பங்கிலிருந்து ஒரு பிடி நெல்லை என் துவாய்த் தொங்கலில் முடிந்துவிட்டான். களவெட்டிக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதாம்.

ஊருக்கு அவன் சொல்லாததை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது வருஷம். தபால் மறுபடி ஓடத் தொடங்கியதும் வந்த கடிதத்தில் வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள்: சீனித்தம்பியின் மகளைக் கேட்டு வந்தவர்கள், தகப்பன் மலாயாவில் ஜெயிலில் இருந்தவனாம் என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்களாம். வால் இப்போது அவ்வளவு நீளம். வரம்பில் கஞ்சிச் சட்டியோடு வந்த அந்தப் பிள்ளைதான். இதை எழுதினால் என் வீட்டுக்காரி கோயிலடியில் எப்படி நிற்பாள் என்று அவன் அன்று கேட்டதுதான் என் கையைப் பிடித்தது. அவளுக்கு முழுவதையும் எழுதினேன். வந்த பதில் ஒரு வரி: நான் நிற்கிறது இருக்கட்டும், நீங்கள் எழுதுங்கள்.

அந்த ஒரு பிடி நெல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிகரட் தகரத்தில் போட்டுச் சாமிப் படங்களுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடந்தபோதும் அதைக் குற்றிச் சமைக்க மனம் வரவில்லை. விதைக்கலாமென்றால் இங்கே என்னைச் சுற்றி றப்பர் மர நிழல். நெல்லுக்கு வெயிலும் இல்லை, எனக்கு நிலமும் இல்லை. ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்றால் எந்த முகத்தோடு அந்த வட்டைக்குள் இறங்குவது? இனி முளைக்குமோ என்றும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் தகரத்தைத் திறந்து பார்த்து மூடி வைக்கிறேன்.

இதை வாசிக்கிற நம்மட பக்கத்தார் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசியுங்கள். களவெட்டிக்குள் வேண்டாம், பொலிக்கு முன் சொல்லக்கூடாத சொற்கள் இதில் இருக்கின்றன. கிரானில் கோயில் முன்றலில், போடியாரும் இருக்கும்போது வாசியுங்கள். நான் ஒரு சொல்லைக் குறைத்தேன், ஊர் பத்துச் சொல்லைக் கூட்டியது. நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாவம், மனம் திருந்தினான் என்று எனக்கும் ஒரு வால் கட்டிவிடாதீர்கள். நான் இன்னும் பொறாமைக்காரன்தான். எங்கே நிறுத்தினாலும் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடுதாசியில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கிரான் சீனித்தம்பி நம்பத் தகுந்தவன்.